ஒரு தாய் மரங்கள்

ஓர் இனம் அழியாது நிற்கின்றது என்று நாம் எப்பொழுது சொல்லலாம்? அவ்வினத்தைச் சேர்ந்த மரம் ஒன்றேனும் மண்ணில் வேரூன்றி நிற்குமளவும் அஃது அழிந்ததாகாது என்பது பலர் கொள்கை. ஒன்று நின்றால் நூறாக்கலாம். நூறு நின்றால் ஆயிரமாக்கலாம். ஆயிரமான பின்னர் அச்சம் எதற்கு என்று அன்னோர் வினவுவர். கேட்பதற்கு இனிய கொள்கையே. ஆயினும், கடல் சூழ்ந்த சிறு தீவுகளின் மரஞ்செடிகளுக்கு நேர்ந்தவற்றை உற்றுநோக்குவார்க்கு இக்கொள்கை பெரிதும் பிழைபட்டதென்பது இனிது விளங்கும். மரங்களை எண்ணுவதனால் மட்டும் ஓரினத்தின் வாழ்வை அளந்துவிட முடியாது. அம்மரங்கள் எத்தனை தாய்மரங்களின் வழிவந்தவை என்பதையும் எண்ணுதல் வேண்டும். இதனை நிறுவுதலே நம் நோக்கம். அதற்குச் சான்றாகச் செயின்ட் ஹெலீனா என்னும் தீவின் மரங்கள் மூன்றனை முதன்மையாக எடுத்துக்கொள்வோம்.

செயின்ட் ஹெலீனாவின் பெயரைக் கேட்டவுடன் வரலாறு பயின்றார்க்கு நெப்போலியனே நினைவுக்கு வருவான். 1815ஆம் ஆண்டு முதல் 1821இல் உயிர் நீத்தது வரை அவன் சிறையிருந்த தீவு அது. தென் அட்லாண்டிக் பெருங்கடலில், ஆப்பிரிக்கக் கரைக்கு ஏறக்குறைய 1,900 கிலோமீட்டர் மேற்கே, எரிமலை கக்கிய பாறையால் எழுந்து நிற்பது. அதன் பரப்பு ஏறத்தாழ 122 சதுரக் கிலோமீட்டர். அதன் உயர்ந்த முடியாகிய டயானா சிகரம் கடல்மட்டத்திற்குமேல் 800 மீட்டருக்குச் சற்று மிகுந்தது. 1502இல் போர்த்துக்கேய மாலுமிகள் அதனைக் கண்டபொழுது ஆங்கு மனிதர் எவரும் இலர். புல் மேயும் விலங்கு ஒன்றும் இல்லை. கரைமுதல் முடிவரை மரங்களே ஆட்சி செலுத்தின.

அத்துணைத் தனித்த தீவிற்கு மரம் வந்தது எவ்வாறு? காற்றில் மிதந்த வித்தொன்று, பறவையின் காலில் ஒட்டிய வித்தொன்று, அலை ஒதுக்கிய வித்தொன்று என்றவாறு நெடுங்காலத்திற்கு ஒருமுறை ஒன்றோ இரண்டோ வந்து சேர்ந்திருத்தல் வேண்டும். தாயகத்தில் விரிந்து கிடந்த குலத்தின் செல்வமெல்லாம் அவ்வொரு வித்தினுள் அடங்கி வந்துவிடுதல் இல்லை. அதில் ஒரு பிடியே வரும். அப்பிடியை முதலாக வைத்து, கணக்கற்ற தலைமுறைகளாகச் சிறு சிறு மாற்றங்களைச் சேர்த்துச் சேர்த்து, அம்மரங்கள் தமக்கெனப் புதியதொரு செல்வத்தை ஈட்டின. உலகில் வேறெங்கும் இயல்பாய் வளராமல் செயின்ட் ஹெலீனாவிற்கே உரியனவாக அறியப்பட்ட மரஞ்செடிகள் ஏறக்குறைய 45 வகையின. அவற்றுட் சில இன்று இல்லை. பிற தீவுகளின் இயல்பும் இதுவே. ஹவாய்த் தீவுகளின் இயற்கைப் பூஞ்செடிகளுள் பத்தில் ஏறத்தாழ ஒன்பது அத்தீவுகளுக்கே உரியவை. ஆதலின் தீவில் இழந்ததனை வேறிடம் சென்று மீட்டுக்கொணர்தல் இயலாதென்பதனை முதற்கண் உளங்கொள்க.

இங்குச் செல்வம் என்று நாம் கூறியது மரபுவளத்தை. ஓரினத்து மரங்கள் புறத்தோற்றத்தில் ஒன்றுபோல் இருப்பினும் உள்ளியல்பில் ஒன்றுபோல் இருப்பதில்லை. ஒன்று வறட்சியைத் தாங்கும். ஒன்று பூஞ்சணத்தை எதிர்த்து நிற்கும். ஒன்று குளிர்காற்றிலும் முன்னதாகப் பூக்கும். இவ்வியல்புகள் மரபணுக்களின் வாயிலாகத் தாயிடமிருந்தும் தந்தையிடமிருந்தும் கன்றுக்கு இறங்குவன. நாளைக்கு எவ்வகைத் துன்பம் வருமென்று எந்த மரமும் அறியாது. ஆனால் பல இயல்புகள் பல மரங்களில் பரவிக் கிடக்குமாயின், எத்துன்பம் வரினும் அதனைத் தாங்குவன சில எஞ்சும். அவற்றால் குலம் தழைக்கும். பலவகை நெல்லை விதைக்குதிரில் வைத்திருக்கும் உழவன் பருவம் பொய்த்தவழியும் கலங்கான். ஒரே வகையை நம்பினோன் ஒரு நோயில் அனைத்தையும் இழப்பான். காட்டுமரத்தின் நிலையும் அதுவே.

இனி, செயின்ட் ஹெலீனாவிற்கு நேர்ந்ததைக் காண்போம். 16ஆம் நூற்றாண்டில் கப்பலோட்டிகள் தம் உணவின் பொருட்டு ஆடுகளை ஆங்கு விட்டுச்சென்றனர். அவை பெருகி மந்தை மந்தையாய்த் திரிந்து, முளைத்த கன்றுகளையெல்லாம் கறித்தன. ஆட்டையே கண்டறியாத மரங்கள் அதற்கு எதிராகத் தம்மைக் காக்கும் வழி அறியா. முதுமரங்கள் நின்றன, இளமரங்கள் தோன்றவில்லை. 1659இல் ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பெனியார் குடியேறினர். நம் நாட்டிலிருந்து சரக்கேற்றிச் சென்ற அவர்தம் கப்பல்கள் தண்ணீரும் உணவும் பெறும் துறையாக அத்தீவு பயன்பட்டது. குடியேறினோர் சுண்ணாம்புக் காளவாய்க்குக் கருங்காலியை எரித்தனர். தோல் பதனிடச் செம்மரத்தின் பட்டையை உரித்தனர். பின்வந்தோர் நார் எடுப்பதற்கெனப் நியூசிலாந்திலிருந்து நார்ச்செடியைக் கொணர்ந்து மலைமுடிவரை நட்டனர். 1907இல் தொடங்கிய நார் ஆலைத்தொழில் 1966இல் முற்றும் ஒழிந்தது. தொழில் ஒழிந்தும் நார்ச்செடி ஒழியவில்லை. பழைய காட்டின் இடத்தை அது பற்றிக்கொண்டது.

இவ்வாறு நலிந்த மரங்களுள் முதலாவது, குடியேறினோர் ஒலிவமரம் என்று பெயரிட்ட மரம். அது திருமறையில் நாம் படிக்கும் ஒலிவம் அன்று. நம் இலந்தையின் குடும்பத்தைச் சேர்ந்தது. அதன் பேரினத்தில் வேறு உறுப்பினர் இலர். அதுவே இனம், அதுவே பேரினம். 1875இல் மெல்லிஸ் என்பார் அத்தீவைப்பற்றி எழுதிய நூலில், டயானா சிகரத்தின் வடபுறத்தில் 12 முதல் 15 மரங்கள் வரை உள்ளன என்று குறித்தார். அதன்பின் அம்மரம் மறைந்தொழிந்தது என்றே யாவரும் எண்ணியிருந்தனர். 1977இல் அத்தீவின் வனப்பணியாளரான ஜார்ஜ் பெஞ்சமின் என்பவர் உயிரோடிருந்த மரம் ஒன்றனைக் கண்டுபிடித்தார். ஒன்றே ஒன்று. அறிவியலார் மகிழ்ந்தனர், அதனைப் பெருக்க முயன்றனர். அதன் போத்து எளிதில் வேர்விடவில்லை. வித்தோ அரிதினும் அரிதாகவே பிடித்தது. 1994இல் காட்டிலிருந்த தாய்மரம் பட்டது. அதன் வழிவந்து தோட்டத்தில் நின்ற சிலவும் பூஞ்சண நோயால் ஒவ்வொன்றாய் வீழ்ந்தன. 2003இல் இறுதி உயிரும் நீங்கியது. ஒரு பேரினமே உலகைவிட்டு அகன்றது.

அம்மரம் வித்துப் பிடியாமைக்குக் காரணம் யாது? இதுவே நாம் ஊன்றி நோக்கவேண்டிய இடம். தாவரங்களுட் பல தம் பூந்தாதைத் தாமே ஏற்பதில்லை. சூல்முடியில் வந்து விழுந்த தாது தன் குறியையே தாங்கியதாயின், அதனைத் தன்னுடையதென அறிந்து அப்பூ மறுத்துவிடும். வேற்றுக்குறி தாங்கிய தாதையே உள்ளே விடும். நெருங்கிய உறவில் மணங்கொள்ளாது விலக்கும் குலவொழுக்கத்தை இஃது ஒக்கும். மரங்கள் பலவாய் நின்ற காலத்தில் இவ்வொழுக்கம் குலத்திற்குக் காப்பாயிற்று. மரம் ஒன்றே எஞ்சிய காலத்தில் அக்காப்பே கூற்றாயிற்று. ஒலிவமரம் பூத்தது; வண்டும் வந்தது; ஆயினும் ஏற்கத்தக்க தாது உலகில் எங்கும் இல்லை. அதன் போத்தினை ஆயிரம் இடத்தில் நட்டிருந்தாலும் ஆயிரமும் அவ்வொரு மரத்தின் உடலே ஆகும். ஒன்றன் தாதை மற்றொன்று ஏலாது.

ஆகவே, ஒலிவமரம் அழிந்த ஆண்டு 2003 என்று நூல்கள் குறிப்பினும், அதன் விதி அதற்கு நெடுங்காலம் முன்னரே எழுதப்பட்டுவிட்டது என்பது நம் கருத்து. மெல்லிஸ் எண்ணிய அப்பன்னிரண்டு பதினைந்து மரங்களுள் ஒவ்வொன்றிலிருந்தும் வித்தெடுத்து ஒரு தோட்டத்தில் நட்டிருப்பாராயின், இன்று டயானா சிகரத்தில் ஒலிவமரத்து நிழல் இருந்திருக்கும். அன்று மரங்கள் பதினைந்து இருந்தன. கவலை கொண்டார் இலர். பின்னர் ஒன்று இருந்தது. கவலை கொண்டார் பலர். கவலை நூறாண்டு பிந்திவந்தது.

இரண்டாவது மரம் கருங்காலி. இதுவும் நம் நாட்டுக் கருங்காலிக்கு உறவன்று. பருத்தியும் பூவரசும் அடங்கிய குடும்பத்தது. ஆட்டுக்கும் காளவாய்க்கும் இரையாகி, 19ஆம் நூற்றாண்டிலேயே அழிந்ததென்று கருதப்பட்டது. அதன் பட்ட கட்டைகள் மட்டும் வறண்ட சரிவுகளில் கிடந்தன. தீவினர் அவற்றைப் பொறுக்கி அழகிய சிறு கைவினைப் பொருள்களில் பதித்தனர். 1980இல் தாவர நூலறிஞர் குவென்டின் கிராங்க் என்பாரும் முன்கூறிய பெஞ்சமினும் செங்குத்தான கடற்பாறை ஒன்றில் இரண்டு செடிகள் உயிரோடு பற்றிக்கொண்டிருப்பதைக் கண்டனர். பெஞ்சமினின் உடன்பிறந்தார் ஒருவர் அப்பாறையில் இறங்கிப் போத்து அறுத்துக் கொணர்ந்தார். கருங்காலியின் போத்து வேர்விட்டது, வித்தும் பிடித்தது. இன்று அதன் வழிவந்த செடிகள் ஆயிரக்கணக்கில் அத்தீவில் நடப்பட்டுள்ளன. உயிரைப் பொருட்படுத்தாது பாறையில் இறங்கிய அவரது துணிவு எந்நாளும் போற்றத்தக்கது.

எனினும், அவ்வாயிரங்களுக்கும் முன்னோர் இருவரே. ஒரு நாள் அவற்றுள் ஒன்றனைக் கொல்லவல்ல புதுநோய் புகுமாயின், மற்றவையும் அதனைத் தாங்கும் என்பதற்கு உறுதி யாது? தோட்டம் நிறைந்திருப்பதைக் கண்டு நாம் மகிழ்வது தக்கதே. மகிழ்ந்து உறங்குவது தகாது.

மூன்றாவது செம்மரம். கருங்காலிக்கு நெருங்கிய உறவு. ஒருகாலத்தில் மலையெங்கும் ஓங்கி நின்று, வலிய செந்நிற மரத்தைத் தந்தது. 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே இது மிக அருகிப்போயிற்று. 20ஆம் நூற்றாண்டின் நடுவில் எஞ்சிய ஒரே மரத்தின் வித்துக்களிலிருந்தே இன்றுள்ள செம்மரங்கள் அனைத்தும் வந்தன. செம்மரம் தன் தாதைத் தானே ஏற்கவல்லது; ஆதலின் ஒலிவமரத்தைப்போல் மலடாய் மாளவில்லை. ஆனால் அதன் கன்றுகளைக் கண்டோர் கூறுவது வேறு: பல நேராக ஓங்குவதில்லை, வளைந்தும் குன்றியும் நிற்கின்றன, நட்டவற்றுட் பல நிலைப்பதில்லை. முன்னாளில் பெருமரமாய் நின்ற குலத்தின் பிள்ளைகள் அவை.

இக்குறைக்கும் காரணம் உண்டு. ஒவ்வோர் உயிரின் மரபணுக்களுள்ளும் தீமை தருவன சில மறைந்து கிடக்கும். தாய் தந்தையர் வேறுவேறு வழியினராயின், ஒருவரிடத்துள்ள பழுதை மற்றவரிடத்துள்ள நலம் மறைத்துவிடும். இருவரும் ஒரே வழியினராயின், அல்லது தாயும் தந்தையும் ஒரே மரமாயின், இருபுறத்தும் அப்பழுதே வந்து கூடுதல் எளிது. மறைந்து கிடந்த தீமை வெளிப்படும். வித்து முளையாது, முளைப்பினும் கன்று வலியற்றதாகும். தலைமுறைதோறும் இது வளரும். அன்றியும், சிறு கூட்டத்தில் நல்லியல்பு ஒன்று தற்செயலாகவே ஒழிந்துவிடலாம். அவ்வியல்பைத் தாங்கிய செடி ஒரு புயலில் வீழ்ந்தால் போதும். இழந்த அதனைத் திரும்ப ஈட்டப் பல்லாயிரம் ஆண்டும் போதாது.

ஆக, ஒரே தீவில் மூன்று மரங்களின் வாயிலாக மூன்று பாடங்களைக் காண்கின்றோம். துணையின்றி நின்றது மாண்டது. இரண்டாய் நின்றது பெருகியது. ஆயினும் வளம் குன்றியது. ஒன்றாய் நின்று தன்னையே மணந்தது பெருகியும் மெலிந்தது. மூன்றிற்கும் நோய் ஒன்றே: தாய்மரங்கள் பலவாய் இருந்த நாளில் எவரும் கைகொடாமை.

இது செயின்ட் ஹெலீனாவிற்கு மட்டும் நேர்ந்ததோ எனின், அன்று. ஹவாய்த் தீவின் மௌனா கீ என்னும் பெருமலையில் வெள்ளிவாள் என்றொரு செடி உண்டு. வெள்ளிபோல் ஒளிரும் வாள்போன்ற இலைகளைக் கதிர்வட்டமாக விரித்து, பல ஆண்டு காத்திருந்து, வாழ்நாளில் ஒருமுறை நெடிய பூங்கொத்தை எழுப்பிப் பின் மடிவது. இதுவும் தன் தாதை ஏலாதது. ஆடும் செம்மறியும் மேய்ந்தமையால் எட்டாத பாறைகளில் மட்டும் சில எஞ்சின. 1970ஆம் ஆண்டுகளில் அதனைப் பெருக்கும் பணி தொடங்கி நூற்றுக்கணக்கான கன்றுகள் மலையில் நடப்பட்டன. பின்னாளில் அறிஞர் ஆராய்ந்தபொழுது அவையனைத்தும் இரண்டே தாய்ச்செடிகளின் வழிவந்தவை என்பது தெரியவந்தது. உடன்பிறந்தவையாதலின் ஒன்றற்கொன்று ஏலாத குறிகளைத் தாங்கியவையும் அவற்றுட் பலவாயின. அதன்பின்னரே பாறைகளில் எஞ்சிநின்ற வேறு செடிகளின் பூந்தாதை மனிதரே சுமந்துசென்று சேர்த்துப் புதுவழிகளை வளர்க்கத் தலைப்பட்டனர். முதலிலேயே தாய்களை எண்ணியிருந்தால் இவ்விரட்டைப் பணி வேண்டியிராது.

நம் கொள்கைக்கு மாறாக ஒரு சான்று காட்டுவாரும் உளர். மொரிஷியசுக்குக் கிழக்கேயுள்ள ரோட்ரிக்ஸ் தீவில், அழிந்ததென்று கருதப்பட்ட காட்டுக்காப்பிச் செடி ஒன்றனை 1980ஆம் ஆண்டளவில் ஒரு பள்ளிச்சிறுவன் கண்டுபிடித்தான். 1986இல் அதன் போத்து இலண்டன் கியூ தோட்டத்திற்கு அனுப்பப்பட்டது. ஆண்டுதோறும் பூத்ததே அன்றிக் காய்த்ததில்லை. தோட்டத்துப் பணியாளர் கார்லோஸ் மக்தலேனா என்பார் பற்பல வழிகளில் முயன்று 2003இல் கனியும் வித்தும் பெற்றார். ஒரே செடியிலிருந்தும் ஒரு குலம் மீண்டதன்றோ என்பர் அவர். மீண்டது உண்மை, அப்பொறுமையை நாமும் வணங்குகின்றோம். ஆயினும் நோக்குக: அங்ஙனம் மீட்பதற்குப் பதினேழு ஆண்டு சென்றது, பிறந்தனவெல்லாம் அவ்வொரு செடியின் மக்களே. அதே 2003இல்தான் ஒலிவமரம் மாண்டது. ஒன்றற்குக் கிட்டிய நற்பேறு மற்றொன்றற்குக் கிட்டவில்லை. நற்பேற்றை நம்பி ஓரினத்தின் வாழ்வை வைப்பது அறிவுடைமை ஆகாது.

மற்றொரு சாரார், வித்துக்களைக் குளிரறையில் சேமித்து வைத்தால் போதாதோ என்பர். சேமித்தல் நன்றே, வேண்டுவதே. ஆயினும் ஒரு தாயின் வித்துப் பதினாயிரத்தைச் சேமிப்பினும் அது ஒரு தாயின் செல்வமே. மேலும், உலர்த்திக் குளிரவைத்தால் உயிரிழக்கும் வித்துக்களும் உள. குதிர் விளைநிலத்திற்கு மாற்றாகாது. அது விளைநிலத்திற்குத் துணையே.

இன்னொரு வினா கடினமானது. தோட்டத்தில் அருகருகே நட்ட செம்மரமும் கருங்காலியும் கலந்து ஒரு கலப்பினம் பிறந்தது. அதற்குப் பெஞ்சமின் பெயரையே சூட்டியுள்ளனர். அது தன் பெற்றோரினும் வீறுடன் வளர்கின்றது. மெலிந்த செம்மரத்திற்கு இக்கலப்பின் வழியே புதுக்குருதி ஏற்றலாமே என்பர் சிலர். கலந்தபின் செம்மரம் செம்மரமாகுமோ என்பர் சிலர். இருதிறத்தார் கூற்றிலும் உண்மையுண்டு. நாம் கொள்ளும் முடிபு இது: தூய செம்மரமும் தூய கருங்காலியும் ஒன்றன் தாது மற்றொன்றனை அணுகாத தனித்தனி இடங்களில் காக்கப்படவேண்டும்; அவ்வாறு காக்கப்பட்டபின், பிறிதோரிடத்தில் கலப்பினத்தைக் கணக்குடன் வளர்த்து, அதனைச் செம்மரத்தோடு மீளமீளக் கலந்து, இழந்த வலிமை மீளுமோ என்று ஆய்ந்து பார்த்தல் தவறன்று. தூய்மையைக் காக்கும் விருப்பினால் ஒரு குலத்தை மெலிந்து மாளவிடுதலும் பிழை. வலிமையை விரும்பி எஞ்சிய தூயவழியைக் கலந்து ஒழித்தலும் பிழை. பின்னதைத் திருத்த வழியே இல்லையாதலின் அதனையே மிகுதியும் அஞ்சுதல் வேண்டும்.

மக்கள் துன்புறும் உலகில் மரத்திற்குப் பொருள் செலவிடுவதோ என்பது இறுதி வினா. செயின்ட் ஹெலீனாவில் வாழ்வோர் 4,000 பேருக்குச் சற்று மிகுந்தவர். அவர் குடிக்கும் நீருக்கும் மலைமுடியின் பழங்காட்டிற்கும் தொடர்புண்டு. அங்கு நிற்கும் மரப்பெரணிகளும் பிற மரங்களும் கடல்வழி வரும் மேகத்தைத் தம் இலையால் தடுத்துத் துளித்துளியாய் மண்ணில் இறக்குகின்றன. காடு ஒழிந்தால் ஊற்றும் சுருங்கும். தீவினரும் இதனை அறிந்தே 2000ஆம் ஆண்டில் தரிசு நிலத்தில் தம் தீவின் பிசின்மரங்களைத் தாமே நட்டுப் புதுக்காடு ஒன்றனைத் தொடங்கினர். மரமும் மக்களும் அங்கு இருவேறு வழக்காளிகள் அல்லர். ஒரே வழக்கின் ஒருதிறத்தார். அன்றியும், அம்மரங்களை எரித்துப் பயன்கொண்டது தீவுமக்கள் மட்டுமன்று; கடல்கடந்த வணிகமும் அரசும். பயன்கொண்டோர் கடன் தீர்க்கவும் கடமைப்பட்டவரே.

இனிச் செய்யத்தக்கது யாது? ஓரினத்தின் மரங்கள் இன்னும் நூற்றுக்கணக்கில் நிற்கும்பொழுதே பணி தொடங்கவேண்டும். வித்தெடுப்போர், எட்டும் இடத்தில் நின்று மிகுதியாய்க் காய்க்கும் ஒரு மரத்தோடு அமையாது, பாறையிலும் பள்ளத்திலும் நிற்கும் ஒவ்வொரு தாயிடமிருந்தும் சிறிதேனும் கொள்ளவேண்டும். நாற்றங்காலில் ஒவ்வொரு கன்றிற்கும் அதன் தாய் இன்னதென்று ஏட்டில் எழுதவேண்டும். எளிதில் முளைக்கும் தாயின் கன்றுகளே தோட்டத்தை நிறைத்துவிடாதபடி, அரிதில் முளைப்பதன் கன்றுகளுக்கு இடம் ஒதுக்கவேண்டும். எல்லாவற்றையும் ஒரே தோட்டத்தில் வையாது, புயலோ நோயோ ஒருங்கே கொள்ளாதபடி பல இடங்களில் வைக்கவேண்டும். இவையனைத்தினும் முன்னதாக, ஆடு புகாத வேலி வேண்டும்; குலத்தை அழித்த காரணம் நிற்க, கன்றை நடுவது ஓட்டைக் குடத்தில் நீர் நிறைப்பதாகும்.

இவை பெரும்பொருளும் பேரறிவும் வேண்டிய பணிகள் அல்ல. பாறையில் இறங்கத் துணிந்த ஒருவரும், ஏட்டில் பிழையின்றி எழுதும் ஒருவரும், ஆண்டுதோறும் கைவிடாது வரும் சிலரும் போதும். வேண்டுவது காலம், அதுவே நழுவிக்கொண்டிருக்கின்றது. ஹவாய்த் தீவுகளில் மட்டும், காட்டில் 50 செடிக்கும் குறைவாக எஞ்சிய இனங்கள் 200க்கு மேற்பட்டவை என்று அப்பணியில் ஈடுபட்டோர் கணக்கிட்டுள்ளனர். அவற்றுட் பல, 1875இல் ஒலிவமரம் நின்ற அதே படியில் இன்று நிற்கின்றன. பன்னிரண்டோ பதினைந்தோ மரங்கள். இன்னும் பல தாய்கள். இன்னும் ஏற்கத்தக்க தாது. அவற்றைக் காண்போர் மரங்களை எண்ணி நிறைவு கொள்ளாது தாய்களை எண்ணுவாராக. மெல்லிசின் காலத்தார் அறியாமையால் வாளாவிருந்தனர் என்று நாம் பொறுக்கலாம். ஒலிவமரத்தின் கதையை அறிந்தபின் வாளாவிருப்போர்க்கு அப்பொறுதி உரியதன்று.